அரைப்பேர் நகரம்

மேற்பிரிவு லயம்,
அக்கரப்பத்தனை.
11.08.2002

அடியே தர்சி,

நலம், நலமறிய ஆவல் என்றெல்லாம் எழுதமாட்டேன். நான் நலமாக இல்லை, கோபமாக இருக்கிறேன்.

லிந்துலைப் பள்ளிக்கூடத்தில் நாலு வருஷம் ஒரே மேசையில் உட்கார்ந்தோம். போகிற அன்றைக்கு எல்லாருக்கும் டொபி கொடுத்தாய், கட்டிப்பிடித்து அழுதாய், ஆட்டோகிராப்பில் ரோஜாப்பூ வரைந்தாய். எல்லாம் சரி. லீனாவை எங்கே விட்டுவிட்டுப் போனாய் என்று ஞாபகம் இருக்கிறதா? மதிலுக்குக் கீழே, கையில் திருட்டுச் சாவியோடு, காவல்காரன் நாய்களை அவிழ்த்துவிட்ட நேரத்தில்! அதோடு மணி அடித்துவிட்டது. "மிச்சம் நாளைக்கு" என்றாய். மறுநாள் உங்க அப்பா லொறியைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்திவிட்டார். யாழ்ப்பாணத்துக்குப் பாதை திறந்துவிட்டது, சொந்த ஊருக்குப் போகிறீர்கள், நல்லது. அதற்காக ஒருத்தியை நாய்களுக்கு நடுவில் விட்டுவிட்டா போவார்கள்?

கனடா மாமா அனுப்பின புத்தகம் உன்னுடையது. நீ இங்கிலீஷில் படித்ததை இடைவேளையில் நெட்போல் மைதானத்துக்குப் பின்னால் வைத்து எங்களுக்குத் தமிழில் சொன்னாய். அதனால் அது உன் கதை என்று நினைத்துக்கொள்ளாதே. நான் அதைத் தினமும் வீட்டுக்குக் கொண்டுவந்து லயத்தில் பக்கத்துக் காம்பராவில் இருக்கிற நாகலெட்சுமிக்குச் சொல்வேன். வெயிலுக்குச் சீட்டுக் கொடுக்கிற நகரம், சீட்டு இல்லாதவர்கள் ஜன்னலைத் திறக்கக்கூடாது என்று சொன்னதும் அவள் கேட்டாள்: "நம்ம ஊர்ல மாசக்கணக்கா வெயிலயே காணோம். அந்தச் சீட்ட யாரு வச்சிருக்கா, தோட்டத் தொரையா?"

இப்போது அவளும் என்னைப் பிடுங்கியெடுக்கிறாள். அதனால் முடிவை எழுதி அனுப்பு. சுருக்கி எழுதாதே. நாய் என்ன நிறம் என்பதும் வேண்டும்.

இப்படிக்கு,
மதிலடியில் நிற்கும்
பிரேமினி


கொக்குவில்.
02.09.2002

அன்பின் பிரேமினி,

உன் கடிதத்தைப் படித்துச் சிரித்தேன், பிறகு அழுதேன். அம்மா பார்த்துவிட்டு, "இந்தப் பிள்ளைக்கு விசர் பிடிச்சுப் போச்சு" என்றார்.

ஒரு கெட்ட செய்தி. லொறி வவுனியாவைத் தாண்டினதும் மழை பிடித்துக்கொண்டது. புத்தகப் பெட்டிக்கு மேல் போட்ட படங்கு கிழிசல். கொக்குவிலில் இறக்கிப் பார்த்தால் கனடாப் புத்தகத்தின் கடைசிப் பக்கங்கள் எல்லாம் ஒட்டிக் கல்லுமாதிரி ஆகிவிட்டன. கரண்டியால் பிரித்துப் பார்த்தேன், கிழிந்துபோனது. முடிவு எனக்கும் தெரியாது. நான் இரவில் படித்ததைத்தான் மறுநாள் உங்களுக்குச் சொல்லிக்கொண்டு வந்தேன்.

மாமாவிடம் இன்னொன்று அனுப்பச் சொல்லலாம் என்றேன். அப்பா விடவில்லை. உங்களுக்குக் கணக்குப் படிப்பித்த துரைராசா சேர்தானே அவர், உனக்குத் தெரியுமே. கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு சொன்னார்: "ஊர் எரிஞ்ச கதையைக் கடல் தாண்டி வரவழைச்சுப் படிக்க வேணுமோ? நாங்கள் பாக்காத அழிவே? கணக்கைச் செய்யுங்கோ." எங்கள் சொந்த வீடு இங்கிருந்து சைக்கிளில் போகிற தூரம்தான். ஆனால் அது பாதுகாப்பு வலயத்துக்குள் இருக்கிறது, போக முடியாது. பெரியம்மா வீட்டில் இரண்டு அறையில் இருக்கிறோம். ஏன் போக முடியாது என்று யாரைக் கேட்டாலும் "நிலைமை அப்பிடி" என்கிறார்கள். பிரேமினி, அப்பாவுக்கு விளங்காத விஷயம் இதுதான். கதையில் ஜன்னலைப் பூட்டினவன் யார் என்று எனக்குத் தெரியும். அவனுக்கு ஒரு பெயர் இருக்கிறது, முகம் இருக்கிறது, கடைசியில் அவனைப் போய்க் கேட்கலாம். இங்கே நிலைமையைப் போய் யார் கேட்பது?

எனக்கு ஒரு யோசனை. தமிழ்ப் பாடத்தில் கட்டுரை எழுதி என்னை எப்போதும் முந்துகிறவள் நீ. முடிவை நீயே எழுது. எழுதி எனக்கு அனுப்பு. இங்கே என் வகுப்புப் பிள்ளைகளும் கேட்டுக்கொண்டு நிற்கிறார்கள்.

அன்புடன்,
சிவதர்சினி


அக்கரப்பத்தனை.
17.11.2002

அடியே தர்சி,

லீனாவைக் காப்பாற்றிவிட்டேன். நாய்கள் கறுப்பு. அவள் தன் ரொட்டியை எறிந்துவிட்டு மதிலேறிப் போய்விட்டாள். ஒரு பக்கத்தில் முடிந்துவிட்டது, அது பெரிய வேலையே இல்லை. ஆனால் முடித்த பிறகு எனக்குச் சப்பென்று போய்விட்டது. அவள் வெளியே போய்விட்டாள், நான் இங்கேதானே இருக்கிறேன்.

அதனால் சொந்தமாக ஒரு நகரம் கட்டியிருக்கிறேன். முதல் இரண்டு அத்தியாயத்தையும் இத்துடன் வைத்திருக்கிறேன். முந்நூறு வருஷத்துக்குப் பிறகு நடக்கிறது. ஊர் முழுக்கப் பனி, பக்கத்து வீடு தெரியாது. விடிந்ததும் சங்கு ஊதும், வேலைக்கு ஆள் எண்ணுகிற பெரட்டுக் களத்தில் எல்லாரும் வரிசையில் நிற்கவேண்டும். அந்த நகரத்தைப் பெரிய கண்டாக்கு என்ற ஒருவர் ஆளுகிறார். யாரும் அவர் முகத்தைப் பார்த்ததில்லை. பதினாறு வயதானால் பேர் பதியவேண்டும். சொன்ன அளவு வேலை செய்யாதவர்களுக்கு அரைப்பேர். கதாநாயகியின் பெயர் காளியாயி. சிரிக்காதே. வெள்ளைக்காரி லீனா மட்டும்தான் மதிலேறலாமா?

நாகலெட்சுமி படித்துவிட்டு, "இதெல்லாம் ஏன் உனக்கு இவ்வளவு புடிக்குது? பயமா இல்லயா?" என்றாள். நான் யோசித்துப் பார்த்தேன். இந்த மாதிரிக் கதைகளில் நம் வயதுக்காரி ஒருத்தியிடம் ஒரு ஊரே பதில் கேட்டு நிற்கிறது. நீ என்ன செய்யப் போகிறாய், எந்தப் பக்கம் போகப் போகிறாய் என்று பெரியவர்கள் எல்லாம் அவள் வாயைப் பார்க்கிறார்கள். எங்கள் வீட்டில் என்னிடம் கேட்கப்படுகிற ஒரே கேள்வி, "சோறு வெந்துச்சா?"

அம்மாவுக்கு நான் எழுதுவதில் ஒரு நம்பிக்கையும் இல்லை. "பாடத்த எழுதுறியா, சும்மா எழுதுறியா?" என்று கேட்கிறார். பாடம் என்று சொல்லியிருக்கிறேன். நீ காட்டிக்கொடுத்துவிடாதே.

பிரேமினி


கொக்குவில்.
09.01.2003

என் அருமைப் பிரேமினி,

கடவுளே! கடவுளே! எப்பிடியடி உனக்கு இது வந்தது?

நேரே விஷயத்துக்கு வருகிறேன். அரைப்பேர்! நான் எத்தனையோ கதை படித்திருக்கிறேன், இப்படி ஒரு தண்டனையை எங்கும் கண்டதில்லை. வேலை குறைந்தால் ஆளுடைய பெயரில் பாதியை வெட்டி எடுத்துவிடுவது! அடிக்கவில்லை, சிறையில் போடவில்லை, பெயரை மட்டும் பாதியாக்கிவிடுகிறார்கள். அதை நீ ஒரு விளக்கமும் சொல்லாமல், ஏதோ ஊரில் தினமும் நடக்கிற விஷயம்போல ஒரு வரியில் சொல்லிக் கடந்து போகிறாய் பார், அங்கேதான் எனக்கு மயிர் கூச்செறிந்தது.

வகுப்பில் வாசித்துக் காட்டினேன். இப்போது எங்கள் வகுப்பில் எல்லாரும் அரைப்பேர்தான். ரீச்சர் தந்த வீட்டுவேலை செய்யாமல் வந்தவளை அன்று முழுக்கப் பாதிப் பெயரால்தான் கூப்பிடுவோம். நான் இரண்டு நாள் "சிவ" ஆக இருந்தேன். சிலருக்குக் கண்டாக்கு என்றால் விளங்கவில்லை, பஸ் கொண்டக்டர் ஊரை ஆளுகிறாராக்கும் என்று நினைத்துவிட்டார்கள். நான்தான் விளக்கினேன், தோட்டத்தில் வேலையை மேற்பார்க்கிற உத்தியோகத்தர் என்று. நான் மலைநாட்டில் இருந்து வந்தவள், எனக்கு அங்கத்தைய சொல் எல்லாம் தெரியும் என்று கொஞ்சம் பெருமையும் அடித்துக்கொண்டேன்.

ஒரு விஷயம் கவனித்தாயா? காளியாயியின் பெயரில் பாதியை வெட்டினால் என்ன வரும்?

மூன்றாம் அத்தியாயத்தை உடனே அனுப்பு. தபாற்காரன் மணி அடித்தால் வகுப்பே எங்கள் வீட்டுப் படலையில் நிற்கும்.

உன் வாசகி,
சிவதர்சினி


அக்கரப்பத்தனை.
23.03.2003

அடியே தர்சி,

காளி!

உன் கடிதத்தில் அந்த இடத்தைப் படித்ததும் நான் கத்தின கத்தலில் அடுப்படியில் இருந்த பூனை ஓடிவிட்டது. பாதியை வெட்டினால் காளி. வெட்டினவனுக்குத்தான் ஆபத்து! மூன்றாம் அத்தியாயம் முழுக்க அதுதான். பெரட்டில் வைத்துப் பெயரை வெட்டுகிறார்கள், "இனி நீ காளி" என்று கண்டாக்கு பனிக்குள் முகம் தெரியாமல் நின்று சத்தமாக வாசிக்கிறார். வாசித்த வாய் அப்படியே நின்றுவிடுகிறது. நாலாவதும் எழுதிவிட்டேன், இரண்டும் இத்துடன் வருகிறது. வெட்டியெடுத்த பாதிப் பெயர்களை எல்லாம் ஸ்டோருக்குப் பின்னால் ஒரு காம்பராவில் பூட்டி வைத்திருக்கிறார்கள். காளி அந்தப் பூட்டை உடைக்கப் போகிறாள். நான் நன்றாகத்தான் எழுதியிருக்கிறேன் தர்சி, அடக்கமாகச் சொல்லத் தெரியவில்லை.

வீட்டில் நிலைமை சரியில்லை. போன கிழமை மழையில் அம்மா மலையில் வழுக்கி விழுந்துவிட்டார். கொழுந்துக் கூடையோடு உருண்டதில் இடுப்பில் அடி. நுவரெலியாவில் படம் எடுத்துப் பார்த்தார்கள். மேட்டில் ஏறக்கூடாதாம். தேயிலைத் தோட்டத்தில் மேட்டில் ஏறாமல் எங்கே போவது? அப்பா தேயிலைச் செடி கவ்வாத்து வெட்டப் போகிறார், அவர் ஒருத்தர் சம்பளம்தான் இனி. கண்டாக்கு ஐயா வீட்டுக்கே வந்து பார்த்துவிட்டு, "அழகன், பெரிய மக இருக்குதானே? பரீட்சை முடியட்டும், அம்மா பேருக்கு மக பேரப் பதிஞ்சிருவோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். கெட்ட மனிதர் இல்லை, நல்லது செய்வதாகத்தான் நினைத்துக்கொண்டு சொல்கிறார். அப்பா "பாப்போம்ங்கய்யா" என்று சொல்லி அனுப்பிவிட்டார்.

எனக்கு இந்தப் பரீட்சை முடிந்ததும் ஹட்டனுக்குப் போய் மேல்வகுப்பு, ஏ.எல்., படிக்கவேண்டும். சித்தி வீட்டில் தங்கலாம், அவர் எப்போதோ வரச் சொல்லிவிட்டார். அதை நான் இன்னும் வீட்டில் வாய்விட்டுச் சொல்லவில்லை. உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

பிரேமினி


கொக்குவில்.
06.06.2003

பிரேமினிக்கு,

எங்கள் பாடசாலைக்குப் புதிதாக ஜெகதீஸ்வரி ரீச்சர் வந்திருக்கிறார். முந்தி ஹட்டனில் படிப்பித்தவர். நாங்கள் அரைப்பேர் சொல்லிக் கூப்பிடுவதைக் கேட்டுவிட்டு என்ன விளையாட்டு என்று விசாரித்தார். நான் எழும்பி நின்று, இது என் சிநேகிதி கற்பனையில் கண்டுபிடித்த தண்டனை என்று விளக்கமாகச் சொன்னேன். ரீச்சர் சிரித்தார். "தோட்டத்தில ஒரு நாள் வேலையைத்தான் பிள்ளை 'பேர்' எண்டு சொல்லுறது. கொழுந்து குறைஞ்சா அரைநாள் சம்பளம், அதுதான் அரைப்பேர். அங்க சின்னப் பிள்ளைக்கும் தெரியும்" என்றார். வகுப்பே சிரித்தது. எனக்கு அங்கத்தைய சொல் எல்லாம் தெரியும் என்று சொன்னவள் நான்தானே.

என் ஜனவரிக் கடிதத்துக்குப் பதில் போட்டபோதே நீ ஒரு வரி எழுதியிருக்கலாம். "தர்சி, நீ பிழையாக விளங்கிக்கொண்டாய்" என்று. எழுதவில்லை. என்னைப் பைத்தியக்காரி ஆக்கிவிட்டு, என் பைத்தியத்தையே கதையாகவும் எழுதிக்கொண்டாய்.

அடுத்த அத்தியாயம் எனக்கு வேண்டாம்.

சிவதர்சினி


அக்கரப்பத்தனை.
29.06.2003

தர்சி,

ஆமாம், சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று கேட்காமல் கோபித்துக்கொண்டாய், அதனால் நானே சொல்கிறேன்.

நாலு வருஷம் லிந்துலையில் இருந்தாய். ஆசிரியர் விடுதியிலிருந்து பார்த்தால் கொழுந்து நிறுக்கிற இடம் தெரியும். உன் மேசையில் உட்கார்ந்த நான், பின் மேசைப் பிள்ளைகள், உங்கள் வீட்டுக்கு விறகு கொண்டுவந்த ராக்காயி அக்கா, அத்தனை பேர் வீட்டிலும் பின்னேரமானால் முதல் பேச்சே "இன்னைக்கு முழுப்பேரா, அரைப்பேரா?" என்பதுதான். உன் காதில் ஒரு தடவைகூட விழவில்லை. எங்கள் வீட்டுக்கு எத்தனை தரம் கூப்பிட்டேன், வந்தாயா? அட்டை கடிக்கும் என்றாய். இப்போது உன் வகுப்பு ஒரு நாள் சிரித்ததற்கு என்னை வைகிறாய்.

அந்தச் சொல்லை நான் எத்தனை தரம் கேட்டிருக்கிறேன் தெரியுமா? அம்மா மழையில் நனைந்து, கையெல்லாம் கறையோடு வந்து உட்கார்ந்து "அரைப்பேருதான் போட்டாங்க" என்று சொல்வார். நாங்கள் அதை மழை பெய்தது என்பதுபோலக் கேட்டுக்கொண்டு சாப்பிடுவோம். யாருக்கும் அது அநியாயமாகத் தோன்றாது. நீ யாழ்ப்பாணத்தில் உட்கார்ந்துகொண்டு "கடவுளே, மனுஷன் பெயரைப் பாதியாக வெட்டுகிறார்களா!" என்று எழுதினாய். அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது. இத்தனை வருஷமாக அந்தச் சொல்லைப் பேசிக்கொண்டிருந்த நாங்கள் யாரும் அதைக் கேட்கவே இல்லை. நீ ஒருத்திதான் பிழையாகக் கேட்டாலும் சரியாகக் கேட்டாய். அதைத் திருத்த எனக்கு மனசு வரவில்லை. திருத்தியிருந்தால் நீ "ஓ, சம்பளமா?" என்று சொல்லிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போயிருப்பாய்.

ஆகையால் மன்னிப்புக் கேட்கமாட்டேன். கோபம் தீர்ந்தால் எழுது. தீராவிட்டாலும் எழுது, இரண்டு வசவாவது இருக்கட்டும். ஐந்தாம் அத்தியாயத்தை அனுப்பவில்லை, நீ வேண்டாம் என்றாய்.

பிரேமினி


கொக்குவில்.
14.01.2004

அன்பின் பிரேமினி,

பரீட்சை முடிந்த கையோடு எழுதுகிறேன். ஆறு மாதம் பேசாமல் இருந்தது பரீட்சைக்காக என்று சொன்னால் நீ நம்பமாட்டாய். உன் கடிதத்தை முதலில் படித்தபோது கிழிக்கப் பார்த்தேன். பிறகு ஒரு நாள் எடுத்துப் படித்தேன். அந்த அட்டைக் கதை உண்மைதான், வந்திருக்கலாம். போதும், இதற்கு மேல் எழுதினால் எனக்கு வெட்கமாக இருக்கும்.

சுவையான விஷயம் கேள். உன் நாலு அத்தியாயத்தையும் அப்பா எடுத்துப் படித்துவிட்டார்! நான் ஒளித்து வைத்திருந்தது அவருடைய கணக்குக் கொப்பிகளுக்குக் கீழேதான், என் மூளையைப் பார். ஏசப் போகிறார் என்று நின்றேன். அவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு, "இந்தப் பிள்ளை நாகரிகமா எழுதுது. அதுசரி, அந்தப் பூட்டை எப்ப உடைக்கிறாள்?" என்றார். எனக்கே தெரியாது, கதாசிரியரோடு கோபம் என்றேன். "விசர் வேலை பாக்காமல் எழுதி வாங்கும்" என்றார். அழிவுக் கதை வேண்டாம் என்ற மனிதர்!

பிறகு அம்மா ஒரு கேள்வி கேட்டார்: "உந்தக் கதையள்ல வாற பிள்ளையளுக்குத் தாய் தேப்பன் இல்லையோ?" யோசித்துப் பார்த்தால் உண்மைதான் பிரேமினி. கனடாப் புத்தகத்திலும் லீனாவின் தாய் தகப்பன் இரண்டாம் அத்தியாயத்திலேயே போய்விட்டார்கள். எனக்கு அது பிடித்துத்தான் இருந்தது என்று நினைக்கிறேன். "தலை பின்னினியோ, கடைக்குப் போனியோ" என்று யாரும் பின்னால் கத்தாவிட்டால் நாங்களும் மதில் ஏறமாட்டோமா?

இப்போது முக்கியமானதைக் கேட்கிறேன். பேர் பதிகிற விஷயம் என்ன ஆனது? பரீட்சை முடியட்டும் என்றார்களே, முடிந்துவிட்டது. நீ வீட்டில் வாய்திறந்தாயா இல்லையா? எனக்கு ஒளிக்காமல் எழுது.

சிவதர்சினி


ஹட்டன்.
18.05.2004

என் தர்சிக்கு,

மேலே ஊர்ப் பெயரைப் பார்த்துவிட்டுத் துள்ளாதே. முழுதும் படி.

ஜனவரியில் நான் அம்மாவுக்குப் பதிலாக மலைக்குப் போகத் தொடங்கினேன். பதிவில்லாமல், சும்மா. முதல் நாளே எனக்கு அரைப்பேர்! நகரத்தையே ஆட்டி வைத்த கதாசிரியைக்குக் கூடை நிறையக் கொழுந்து எடுக்கத் தெரியவில்லை. அம்மா என் விரல்களைப் பார்த்துவிட்டு எண்ணெய் தடவிவிட்டார். ஹட்டன் என்ற பேச்சை எடுக்க எனக்கு வாய் வரவில்லை. அவர் எழும்பி நடக்கவே தடி வேண்டியிருக்கும்போது எந்த வாயால் கேட்பது?

ரிசல்ட் வந்தது. எல்லாவற்றிலும் பாஸ், தமிழுக்கு ஏ. கண்டாக்கு ஐயா வந்து தட்டிக்கொடுத்தார். "கெட்டிக்காரி. திங்கக்கெழம பெரட்டுக்கு வா, பேரப் பதிஞ்சிருவோம்" என்றார். அந்தத் திங்கட்கிழமைதான் ஹட்டனில் ஏ.எல். வகுப்புக்குச் சேர்க்கிற கடைசி நாள். நாகலெட்சுமிக்கு மட்டும்தான் அது தெரியும் என்று நினைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை பகல், நாகலெட்சுமியும் இன்னும் இரண்டு பிள்ளைகளும் எங்கள் காம்பராவில் உட்கார்ந்துகொண்டு கடைசிவரைக்கும் வாசி என்று பிடித்துக்கொண்டார்கள். வாசித்தேன். காளி பூட்டை உடைத்துப் பெயர்களை எல்லாம் திருப்பிக் கொடுத்துவிட்டு, பனிக்குள்ளே நகரத்தைவிட்டுப் போய்விடுகிறாள். பிள்ளைகள் கை தட்டினார்கள். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்தார், தூங்குகிறார் என்றுதான் நினைத்தேன். சுவரைப் பார்த்தபடியே கேட்டார்:

"அந்தப் புள்ள போயிருச்சு, சரி. அவ ஆத்தா என்னா ஆனா?"

"அவங்கள நான் எழுதலம்மா."

"ஏன், செத்துட்டாளா?"

"சாகல. சும்மா, எழுதல."

"உசிரோட இருக்கிறவள எழுதாம விட்டா அது என்னாடி கத?"

எனக்குக் கோபம் வந்துவிட்டது. ஏன் கோபம் என்றால், அவர் கேட்டது சரி. அந்த அம்மாவை எழுதினால் காளியால் போகவே முடியாது என்று எனக்குத் தெரியும், அதனால்தான் எழுதவில்லை. "சரி, நீங்களே சொல்லுங்க. அவங்க என்னா செய்வாங்க? போகாதன்னு அழுவாங்க, வேறென்ன?" என்று கத்தினேன்.

அம்மா மெதுவாகத் திரும்பி, கையை ஊன்றி எழும்பி உட்கார்ந்தார். "ஏன் அழுவணும்? பெரட்டுல முன்னால போயி நிப்பா. அந்தக் கண்டாக்கோட நல்லா சத்தம் போட்டு சண்ட புடிப்பா. எல்லாரும் அவளயே பாத்துக்கிட்டு நிப்பாங்கதானே? அந்த நேரத்துல புள்ள போயிரும்." பிள்ளைகள் சிரித்தார்கள், நானும் சிரித்தேன். நல்லாயிருக்கே, இதை எழுதிவிடலாம் என்று நினைத்தேன். அவ்வளவு பெரிய மடைச்சி நான்.

திங்கட்கிழமை சங்கு ஊதுகிற நேரம் எழும்பிப் பார்த்தால் அம்மாவின் பாய் சுருட்டியிருக்கிறது. தடியும் இல்லை. அப்பா தேத்தண்ணியைக் குடித்துக்கொண்டு என்னைப் பார்க்காமல், "பெரட்டுக்குத்தான் போனிச்சு" என்றார். ஓடினேன். பாதிப் பாதையிலேயே குரல் கேட்டது. பெரட்டுக் களத்தின் நடுவில் தடியை ஊன்றிக்கொண்டு அம்மா நிற்கிறார், கண்டாக்கு ஐயா முகத்துக்கு நேரே கையை நீட்டி. "எம்பேர யாரக் கேட்டு எடுப்பீங்க? நான் செத்தா போனேன்? மேட்டுல ஏற முடியாட்டி நாத்துமேடையில குந்திக்கிட்டு வேல செய்ய முடியாதா எனக்கு? இருபது வருசம் இந்த மலையில ஒழச்சவளுக்கு ஒக்காந்து செய்யுற வேல ஒன்னு இல்லயா இந்தத் தோட்டத்துல?" எங்கள் அம்மா உரக்கப் பேசி நான் கேட்டதே இல்லை தர்சி. வரிசையில் நின்ற அத்தனை பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கண்டாக்கு ஐயா, "மீனம்மா, மெதுவா, மெதுவா" என்கிறார். எனக்கு ஓடிப்போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது, இரண்டடி எடுத்தும் வைத்துவிட்டேன்.

அப்போது அம்மா ஓரக்கண்ணால் என்னைப் பார்த்தார். சண்டையை நிறுத்தவில்லை. ஒரு கை கண்டாக்கு முகத்துக்கு நேரே ஆடிக்கொண்டிருக்க, தடியை இடுப்போடு சாய்த்துவிட்டு மற்றக் கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய், போ, போ என்று காட்டினார். கோழியை விரட்டுகிற மாதிரி.

குறுக்குப் பாதையில் இறங்கி ரோட்டுக்கு ஓடினேன். முச்சந்தியில் நாகலெட்சுமி என் பையோடு நின்றாள். "ஒங்கம்மா நேத்தே குடுத்துட்டாங்க. ரிசல்ட் தாளு, யூனிபார்ம், ரொட்டி எல்லாம் இருக்கு. ஒங்கப்பாவும் சித்தி வீட்டுக்குச் சொல்லி அனுப்பிட்டாரு. அழுவாத, பஸ் வருது" என்றாள். அழுதேன். ஹட்டன் வரைக்கும் அழுதுகொண்டுதான் போனேன், பக்கத்தில் இருந்த சிங்கள அம்மா தன் கைலேஞ்சியை எடுத்துக் கொடுத்தார்.

சேர்ந்துவிட்டேன் தர்சி. கலைப்பிரிவு. புதுப் பள்ளிக்கூடத்தில் பெயர் கேட்டார்கள், அழகன் பிரேமினி என்று தெளிவாகச் சொன்னேன். இன்றைக்கு இரண்டாம் நாள். சித்தி வீட்டு ஜன்னல் பக்கத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன்.

சேரிடம் சொல், பூட்டை உடைத்தாயிற்று. உங்க அம்மாவிடம் சொல், கதையில் இனி ஒரு தாய் இருக்கிறாள். ஆனால் கடைசிப் பக்கத்தை இன்னும் எழுதவில்லை. சண்டையில் அம்மா ஜெயித்தாரா என்று எனக்குத் தெரியாது. சனிக்கிழமை வீட்டுக்குப் போனால்தான் தெரியும்.

பிரேமினி